நெடுந்தீவுக்கு எந்த வாள்?

குறிகாட்டுவான் இறங்குதுறையில் பலகையோடு நிற்பவனைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: உதை எங்கே வைக்கப்போகிறான்? படகில் ஆட்களுக்கே இடம் போதாது. சோளகக் காலமென்றால் ஒரு மணி நேரமும் பலகையை மடியில் அணைத்துக்கொண்டுதான் வரவேண்டும். வேலியையே முருகைக்கல் அடுக்கிக் கட்டுகிற தீவு எங்களுடையது. நல்ல பலகை கடல் தாண்டித்தான் வரும். அதைப் பிழையாக அரிந்துவிட்டால் அடுத்த துண்டுக்கு அடுத்த படகு.

ஒரு வாங்கு, ஒரு கோழிக்கூடு, ஒரு புத்தகத் தட்டு. இவ்வளவுதான் என் ஆசை. மின்வாள் வாங்க யாழ்ப்பாணம் போனபோது கடைக்கார அண்ணை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கவில்லை.

“எங்க இருந்து வாறீர் தம்பி?”

“நெடுந்தீவு.”

“அப்ப பெரிய மோட்டரைப் பாக்காதையும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. நாங்கள் நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவர்கள். டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்தவர்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடி 10 லட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்ல விஷயம். ஆனால் கோழிகள் அந்தத் திட்டம் முடியும்வரை காத்திருக்கா.

வாங்குமுன் பழகிப் பார்க்க, சிநேகிதன் ஒருவனிடம் சர்க்குலர் சோ இரவல் வாங்கினேன். 185 மில்லிமீற்றர் வட்டத் தகடு, 1200 வாற்ஸ். விசையை அமத்தியதும் வீட்டு லைற் ஒருதரம் மங்கி எழும்பியது. ஓடும்போது சுமார் 5 அம்பியர் இழுக்கிற மோட்டர், எழும்பும் அந்தக் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை முற்றம்வரை இழுத்திருந்தால் இன்னும் மோசம். 0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 25 மீற்றர் தூரத்துக்கு, மோட்டர் ஓடும்போதே ஏறக்குறைய 10 வோல்ற் வழியில் தொலைந்துவிடும். 1.5 வயர் எடுத்தால் 3, 4 வோல்ற்றோடு போகும். வயரைச் சுருளாகவே விட்டுக் கரண்ட் எடுக்கவும் கூடாது, சூடேறும். வாளுக்குக் காசு கொட்டிவிட்டு வயரில் மிச்சம் பிடிக்கிறவர்களே அதிகம், நானும் அதில் ஒருவன்.

நேர்கோட்டுக்கு இந்த வாளை அடிக்க ஆளில்லை. மூலைமட்டத்தை ஒட்டிப் பிடித்தால் பலகை வெண்ணெய் மாதிரிப் பிரியும். சிக்கல் பழகாத கையில்தான். இரண்டு கல்லின்மேல் பலகையைப் போட்டு நடுவில் அரிந்தேன். அரியப்பட்ட இடம் கீழே தொய்ய, இரண்டு பக்கமும் தகட்டைக் கவ்விப் பிடிக்க, வாள் திமிறி என் பக்கம் பாய்ந்தது. கைக்கு ஒன்றுமில்லை, பலகையில்தான் ஒரு கோணல் தடம். வேலியால் எட்டிப் பார்த்த தச்சர் ஐயா, “வெட்டுற துண்டு தன்பாட்டில விழவேணும் தம்பி. நடுவில தொய்ய விட்டா வாளைக் கவ்வும்” என்றார். பிறகு என் சாரத்தைப் பார்த்தார். “உதைக் கட்டிக்கொண்டோ மெஷின் பிடிக்கிறீர்?” யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் எங்களுக்குப் படகுதான். அன்றிலிருந்து காற்சட்டையும் கண்ணாடியும்.

அதனால் என் காசுக்கு நான் வாங்கியது ஜிக்சோ. 1946இல் சுவிற்சர்லாந்தின் சிந்தில்லா நிறுவனத்தில் அல்பேட் கவுஃப்மன் என்ற பொறியியலாளர் தையல் மெஷினின் ஊசியைக் கழற்றிவிட்டு வாள் தகட்டைப் பூட்டிப் பார்த்ததில் பிறந்த கருவி இது என்பார்கள். பிடித்துப் பார்த்தால் நம்பத் தோன்றும்; கையில் அதே துடிப்பு. மகிட்டா 4329 போன்ற ஆரம்பநிலை மொடல் 450 வாற்ஸ்தான் எடுக்கும். லைற் மங்காது. தகடு 18 மில்லிமீற்றர் ஏறி இறங்கும். 65 மில்லிமீற்றர் தடிப்புவரை மரம் அரியலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். அரியலாம், ஆனால் நேராக வராது. 25க்கு மேலே போனால் தகடு அடியில் வளைந்து, மேலே சரியாகவும் கீழே சரிந்தும் ஒரு வெட்டு விழும். என் வாங்கின் ஒரு கால் அதற்குச் சாட்சி, கீழே கடதாசி மடித்து வைத்திருக்கிறேன்.

ஜிக்சோவின் தகட்டுப் பற்கள் மேல்நோக்கி வெட்டுபவை. எனவே சிராய் கிளம்புவது பலகையின் மேல்முகத்தில். நல்ல முகத்தைக் கீழே போட்டு, முதுகில் கோடு கீறி அரிந்தால் விளிம்பு துப்புரவாக இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பிளைவுட் சீற் தேவைப்பட்டது.

பனஞ்சிலாகைக்கு மட்டும் ஜிக்சோவை நம்பாதீர்கள். பனையின் வைரம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. அந்தக் கறுப்பு நார் சாதாரணத் தகட்டின் பல்லை மழுக்கிவிடும். கூரை வேலைக்கு காபைட் பல் வைத்த வட்டத் தகடும் பழகிய கையும் வேண்டும், அல்லது தச்சர் ஐயா வேண்டும். கிரைண்டரில் மரம் அரியும் பல்தகட்டைப் பூட்டுகிற பழக்கம் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். பழைய வள்ளப் பலகை என்றால் ஆணியையும் மணலையும் தட்டி எடுக்காமல் எந்த வாளையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

பற்றரி வாளும் பார்த்தேன். வயர்த் தொல்லை இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. பற்றரியின் தனி விலையைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டேன்.

கடையில் நிற்கும்போதே கேட்கவேண்டியது வாற்ஸ் அல்ல. காபன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்பது. ஒரு சோடி சேர்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் தூளை ஊதிவிட்டு, அடித்தட்டில் சிங்கர் எண்ணெய் துணியால் ஒற்றுங்கள். உப்புக்காற்றுக்கு ஒரு கிழமை போதும், துருப் பிடித்துவிடும்.

கோழிக்கூடு முடிந்தது, தட்டு பாதியில் நிற்கிறது. தகடு ஒன்றுதான் மிச்சம். நாளைக் காலைப் படகில் டவுணுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணையிடம் பெயர் சொல்லி அனுப்பினால் மாறி வரும் என்று, மழுங்கிய பழைய தகட்டையே கடதாசியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.