ஜெட்பர்க் படத்தின் மேல்விளிம்பு

நிலவியலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவைப் பேசும் ஆய்வுகளில் ஓவியத்துக்குப் பெரும்பாலும் ஏவலாளின் இடமே கிடைக்கிறது. அறிவியலார் கண்டதை ஓவியர் வரைந்து தந்தார் என்பதோடு பேச்சு முடிகிறது. ஜேம்ஸ் ஹட்டனின் ‘புவிக் கோட்பாடு’ நூலில் (1795) இடம்பெற்ற ஜெட்பர்க் படம் அவ்வளவில் அடங்குவதன்று.

ஸ்காட்லாந்தின் ஜெட் ஆற்றங்கரையில் 1787ஆம் ஆண்டு ஹட்டன் கண்ட பாறைமுகத்தை வரைந்தவர் அவருடைய நண்பர் ஜான் கிளார்க். கடற்படையில் பணியாற்றாமலே கடற்போர் உத்தி பற்றி நூலெழுதியவர் இவர். படத்தால் வாதிடுவது அவருக்குக் கைவந்த கலை. படத்தின் அடியில் பாறையடுக்குகள், அலமாரியில் நிறுத்திய ஏடுகள்போல், செங்குத்தாக நிற்கின்றன. தேய்ந்து மழுங்கிய அவற்றின் தலைமேல் வேறு அடுக்குகள் கிடையாகப் படிந்துள்ளன. கடலடியில் படிந்தவை இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, மீண்டும் புதிய படிவுகளால் மூடப்பட எத்துணைக் காலம் சென்றிருக்க வேண்டும்! ஹட்டனின் உரைநடை பல பக்கங்களில் தடுமாறிச் சொல்வதைப் படம் ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது.

உச்சியிலோ மெல்லிய மண், மரஞ்செடிகள், வேலி, ஒரு குதிரைவண்டி, குதிரைச் சவாரி. இவற்றை அக்கால நிலக்காட்சி மரபின் எச்சமென ஒதுக்குவது எளிது. நிலவியலின் காட்சிமொழி குறித்து மார்ட்டின் ரட்விக் 1976இல் எழுதிய கட்டுரை, இயற்காட்சியை விட்டு விலகிக் குறியீட்டு வெட்டுமுகத்தை நோக்கிச் சென்றதை அம்மொழியின் வளர்ச்சியாகக் காண்கிறது. 19ஆம் நூற்றாண்டின் படங்களுக்கு அது பெரிதும் பொருந்தும். இப்படத்தை அந்த அளவுகோலால் அளந்தால் அதன் மேற்பகுதி வீண் அலங்காரமாகவே தோன்றும். ஆனால் ஹட்டன் பல்லாண்டு உழவராக வாழ்ந்தவர். பாறை சிதைந்து மண்ணாவதும் அம்மண்ணை ஆறு கடலுக்குக் கொண்டுசெல்வதும் இன்றி அவர் கோட்பாடே இல்லை. ஆகவே குதிரைகளின் குளம்படியில் கிடக்கும் அந்த மண்தான் படத்தின் மூன்றாம் அடுக்கு. இனி உருவாகவிருக்கும் பாறையின் மூலப்பொருள். அதை நீக்கினால் கடந்த காலம் மட்டும் எஞ்சும், சுழற்சி மறைந்துவிடும். வண்டியில் செல்வோர் தாம் எதன்மேல் செல்கிறோம் என்பதை அறியார். அந்த அறியாமையையும் கிளார்க் வரைந்திருக்கிறார்.

ஹட்டனுக்கென வரையப்பட்ட ஏனைய படங்கள் 1968இல் கிளார்க் குடும்பத்தாரிடம் கண்டெடுக்கப்பட்டு 1978இல் நூலாயின. பதிப்பித்தவர்கள் நிலவியலார். பாறை வகைகளை அவர்கள் நுணுகி விளக்கியுள்ளனர். படச்சட்டத்தின் மேல்விளிம்பில் என்ன நிகழ்கிறது என்பதைக் கலை விமரிசகர்களே இனி ஒவ்வொரு படமாகப் பார்க்க வேண்டும்.