தனி தொடங்கும் நேரம்

மார்கழிக் கச்சேரிகளில் தவறாமல் நடக்கும் ஒன்று உண்டு. பாடகர் பிரதான உருப்படிக்குக் கல்பனாஸ்வரம் பாடி முடித்துவிட்டு, மிருதங்கக்காரர் பக்கம் கையை நீட்டுவார். அவர் முதல் சொல்லை வாசிப்பதற்குள் நாற்காலிகள் கிறீச்சிடும். முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு ஒரு வரிசையே கேன்டீன் பக்கம் நகரும். இருபது வருடம் பயிற்சி செய்த ஒருவர், அன்றைக்குத் தனி ஆவர்த்தனமாகத் தனக்கென்று கிடைத்த பதினைந்து நிமிடத்தைக் காலியாகும் அரங்கின் முன்னால் தொடங்குவார்.

பல வருடம் நானும் அப்படி எழுந்து போனவன்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் என் ஒருவனுடைய சோம்பலிலிருந்து மட்டும் வந்ததில்லை. கேட்பவரை மனதில் வைத்து உருவான ஒரு கச்சேரி முறையின் நன்மையும் கோளாறும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

இன்று நாம் கேட்கும் கச்சேரிப் பத்ததியை நிலைநாட்டியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். 1890-இல் பிறந்தவர், பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மாணவர், 1938-இல் சங்கீத கலாநிதி. அவருக்கு முந்தைய தலைமுறையில் கச்சேரி என்பது பெரும்பாலும் சமஸ்தானம், ஜமீன், கல்யாண வீடு. பாட்டு மணிக்கணக்கில் போகும். ராக ஆலாபனையும் பல்லவியும் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கீர்த்தனைகள் குறைவு. கேட்கிறவர்களில் பலர் விஷயம் தெரிந்தவர்கள்.

சென்னையில் சபாக்கள் வந்தபோது கேட்கிறவரும் மாறினார். அலுவலகம் முடிந்து, டிக்கெட் வாங்கி, பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவர் அவர். அவருக்காக அரியக்குடி கச்சேரியை மறுபடி அடுக்கினார். தொடக்கத்தில் ஒரு வர்ணம்: பாடகரின் குரலும் அரங்கின் காதும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு மத்தியம காலத்தில் விறுவிறுப்பான சில கீர்த்தனைகள். நடுவில் விஸ்தாரமாக ஒரு ராகம், அதன் கீர்த்தனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம். அளவான ராகம் தானம் பல்லவி. கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா, மங்களம். ராகமும் தாளமும் அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருக்கும். எதுவும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கூட ஏதாவது ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போகலாம்.

இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சமஸ்தான ஆதரவு வற்றிய காலத்தில் ஒரு கனமான இசைக்குப் புதிதாக ஆயிரக்கணக்கான காதுகளைச் சேர்த்துத் தந்தது இந்த முறை. 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியின் மேடையிலும் அதற்குப் பின் முளைத்த சபாக்களிலும், 1938-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்திலும் இதே வரிசை பொருந்திக்கொண்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம் ஓடும் இசைத்தட்டும் சிறிய உருப்படிகளுக்கே ஏற்றதாக இருந்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. கேட்பவர் எங்கே நின்றிருந்தாரோ அங்கே வந்து இந்தப் பத்ததி அவர் கையைப் பிடித்தது. பிடித்த இடத்திலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கச்சேரியில் ஒவ்வொன்றுக்கும் இருக்கை எண் போட்டதுபோல் ஆயிற்று. கடைசியில் உட்கார்ந்தவற்றுக்குத் 'துக்கடா' என்று பெயர். வீணை தனம்மாளின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்த பதங்களும் ஜாவளிகளும் அந்தப் பெயருக்குள் அடைந்தன. தமிழ்ப் பாட்டுக்கும் அதே கதிதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்தி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்ற இயக்கத்தின் மனக்குறைகளில் இதுவும் ஒன்று: எங்கள் மொழிக்குப் பந்தியின் கடைசி இலைதானா? நியாயமான கேள்வி. கேட்பவருக்காக மாறினேன் என்று சொல்லும் ஓர் இசை, கேட்பவரின் தாய்மொழியை வாசலில் நிறுத்தி வைத்ததை எந்த வாதத்தாலும் சரிக்கட்ட முடியாது.

எந்தக் கேட்பவர் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. டிக்கெட் வாங்கிச் சபாவுக்குள் வர முடிந்தவர்கள் நகரத்தின் ஒரு சிறு பகுதியினர், பெரும்பாலும் ஒரே சமூகச் சூழலிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பொறுமையின் அளவே மக்களின் பொறுமையின் அளவு என்று கொள்ளப்பட்டது. அது தவறு என்பதற்குத் தஞ்சை மாவட்டத்துத் தெருக்களே சாட்சி. நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுவாமி புறப்பாட்டில் தோடியை எடுத்தால் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு கூடவே நடந்தவர்களில் உழவர் உண்டு, வண்டிக்காரர் உண்டு, கடையை அடைத்துவிட்டு வந்தவர் உண்டு. அவர்களுக்காக யாரும் தோடியை எட்டு நிமிடமாக நறுக்கவில்லை. சாமானியருக்கு நீளம் ஆகாது, சின்னதாகக் கொடுத்தால்தான் இறங்கும் என்ற நம்பிக்கை அவர்களை உட்கார வைத்துப் பார்க்காதவர்களிடம் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

நறுக்காமலே கேட்பவரிடம் போய்ச் சேர வழி இல்லையா? இருந்தது. மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரத்தைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். கணக்கு வழக்கின் முறுக்கு எதுவும் மேலே தெரியாது. தாளத்தின் மேல் தண்ணீர் ஓடுவதுபோல் ஸ்வரம் ஓடும், தாளம் போடத் தெரியாதவர் தலையும் தானாக அசையும். ஆனால் ராக சுத்தத்தில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்'டை அவர் பாடுவதற்காகக் கடைசிவரை காத்திருந்த கூட்டம், அதுவரைக்கும் நடந்த அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தது. எதிர்த் திசையில் போனவர் தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பு. மெல்லிய நாதம், ஒலிபெருக்கி கிடையாது. வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அங்கே கேட்பவர்தான் இசைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டார். ஆனால் அந்த அறையில் எத்தனை பேர் உட்கார முடியும்?

என் சொந்தக் கதையில் ஒரு துண்டை இங்கே சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டாம் வயதில், ஒரு மார்கழி முதல் தேதி, நூறு பக்க நோட்டு ஒன்றில் 'முப்பது நாள், முப்பது ராகம்' என்று எழுதினேன். பாட்டு கற்கும் வயது போய்விட்டது என்று வீட்டில் சொன்னார்கள். பாட அல்ல, கேட்க என்றேன். விடிகாலையில் வானொலியில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் திருப்பாவை வரும். அதற்கு மெட்டமைத்தவரும் அதே அரியக்குடிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த மெட்டுகளை ஒரு பாடத்திட்டமாகப் பாருங்கள். முதல் நாள் நாட்டை, பிறகு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ: தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் அமைந்த கனராகங்கள் ஐந்தும், அதே வரிசையில். ஆறாம் நாள் சங்கராபரணம், ஏழாம் நாள் பைரவி, பத்தாம் நாள் தோடி. பதினைந்தில் பேகடா, பதினேழில் கல்யாணி, இருபத்தெட்டில் காம்போதி, கடைசியில் சுருட்டி. ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். சொல்லோ தமிழ்நாட்டில் பல வீடுகளில் குழந்தைகளுக்கும் பாடம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ராகத்தின் உருவத்துக்குள் இறங்கிவிடலாம். வராளியைக் குரு நேருக்கு நேர் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கேட்டே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நம்பிக்கை சங்கீத உலகில் உண்டு. வானொலிக்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்து நான்காம் பாசுரத்தைக் கேட்டவர்கள் எல்லோரும், தெரியாமலே, மரபு சொன்ன வழியில்தான் வராளியைக் கற்றிருக்கிறார்கள்.

பத்ததியின் குறையாக மேலே சொன்ன அத்தனையையும் மீறி அரியக்குடியிடம் என்னை நன்றியோடு நிற்க வைப்பது இந்த முப்பது மெட்டுகள். இங்கேயும் அவர் சுருக்கித்தான் தந்தார். ஆனால் இந்தச் சுருக்கம் அடுத்த படியைக் காட்டியது. நாட்டையைப் பாசுரமாகக் கேட்டவன் பஞ்சரத்தினத்துக்குப் போகலாம். பஞ்சரத்தினம் ஐந்தையும் வருடக்கணக்கில் பாடம் செய்து, தைமாத ஆராதனையில் திருவையாற்றுப் பந்தலில் வித்துவான்களோடு உட்கார்ந்து ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும் என்று அறுபதைத் தாண்டிய பின்னும் சரளி வரிசையிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குறிக்கோள் எவ்வளவு அழகானது!

என் குறிக்கோளில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுகொள்ள நாலைந்து வருடம் ஆயிற்று. பாடகர் ஆலாபனை தொடங்கியதும் இரண்டாம் பிடியிலேயே 'காம்போதி' என்று நோட்டில் எழுதிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் சொல்ல ஒரு பெயர் கையில் இருக்கும். அத்தோடு காது கதவைச் சாத்திக்கொள்ளும். ஒருநாள் வீடு திரும்பும் வழியில் நண்பர் கேட்டார், "மேல் ஷட்ஜத்தில் நின்றாரே, அப்புறம் எப்படி இறங்கினார்?" எனக்கு ஒன்றுமே நினைவில்லை. இருபது நிமிடக் காம்போதியில் நான் கேட்டது முதல் அரை நிமிடம். மீதி நேரம் விடை எழுதி முடித்த மாணவனைப் போல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பெயர் தெரிந்தால் போதும் என்று நின்றுவிடும் ரசிகரும், இடம் தெரிந்தால் போதும் என்று நின்றுவிட்ட பத்ததியும் ஒரே மாதிரிதான். பெயரும் இடமும் வசதிக்காகப் போட்ட படிகள். பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்த வரிசையைக் கலைத்து, வர்ணத்தைக் கச்சேரியின் நடுவில் வைத்தும், துக்கடாவாக ஒதுக்கப்பட்டவற்றை விரித்துப் பாடியும், மங்களம் பாடி முடிக்கும் வழக்கத்தையே கேள்வி கேட்டும் செய்தவை பழகிய காதுகளைத் தட்டி எழுப்பின. 2015-இல் டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்றபோது, யாருக்காகப் பாடுகிறோம் என்ற கேள்வியையும் சேர்த்து முன்வைத்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவையாகக் கச்சேரிக்கு வரும் ஒரு பெண் பிள்ளைக்கு வர்ணத்தில் தொடங்கும் அந்த ஏறுமுகம் இன்னும் தேவைப்படுகிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. வரிசை கலைவதன் ருசி, வரிசை தெரிந்தவருக்கே தெரியும். படிகளை இடிப்பதைவிட, அவை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பார்ப்பதில் எனக்கு அக்கறை அதிகம்.

தனி ஆவர்த்தனத்துக்கு வருகிறேன். பத்ததியில் ராகத்தைப் பிடித்துக்கொள்ள நமக்குப் பாட்டு இருக்கிறது, சொல் இருக்கிறது, சினிமாப் பாட்டின் சாயல்கூட இருக்கிறது. லயத்தைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கப்பட்ட கைப்பிடி ஒன்றுமில்லை. அதனால்தான் அரங்கு எழுந்து போகிறது என்று நினைக்கிறேன். மரியாதை தெரியாமல் போகிறார்கள் என்று திட்டுவது எளிது. அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குச் சொன்னவர் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா. எழுபது வயதிருக்கும். வழக்கம்போல் நான் எழப் போனேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போயிடாதீங்க தம்பி. கோர்வை எங்க வந்து விழுதுன்னு பார்த்துட்டுப் போங்க." உட்கார்ந்தேன். ஆதி தாளம், இரண்டு களை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எடுப்பு சமத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. மிருதங்கம் திஸ்ர நடைக்கு மாறிய இடத்தில் நான் தொலைந்துபோனேன். அவர் கையைப் பார்த்து மறுபடி சேர்ந்துகொண்டேன். கஞ்சிரா வந்து, இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசித்து, ஆவர்த்தனம் பாதியாகி, காலாகி, மோரா வைத்து, முடிவுக்கான கோர்வை தொடங்கியது. மூன்று தடவை. மூன்றாவது முடிந்த இடத்தில் பாடகர் கீர்த்தனையின் வரியை எடுத்தபோது, முன் வரிசையில் எஞ்சியிருந்த பத்துப் பதினைந்து பேரின் கை ஒரே நேரத்தில் விழுந்தது.

அன்றிரவு நோட்டில் ராகத்தின் பெயர் எழுதவில்லை. 'தனி, எழாமல்' என்று எழுதினேன். அது ஆறு வருடத்துக்கு முன். நடுவில் லய வகுப்பு ஒன்றில் சேர்ந்து, ஏழு தாளங்களிலும் அலங்காரம் போடும் அளவுக்கு வந்திருக்கிறேன். சென்ற மார்கழியில் ஒரு மதியக் கச்சேரி, இலவசம். தனி தொடங்கியதும் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளத்தைக் கொஞ்சம் பெரிதாக, அவன் கண்ணில் படும்படி போட்டேன். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கோர்வை மூன்றாம் தடவை முடிந்தபோது என் கை அரை இடம் முந்தி விழுந்தது. அவன் கை அசையவில்லை, ஆனால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.