குதிரைமேலிருந்து பார்த்த ஊர்

பணிக்காகப் பிறநாடு சென்று தங்கியவர்கள் எழுதிவைத்த நூல்கள் ஒரு தனி இலக்கிய வகை. புதிய நாட்டின் காடும் கடலும், வேட்டையும் குதிரைச் சவாரியும், மாலைநேர விளையாட்டும் அதன்பின் நிகழும் விருந்தும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். படிக்கச் சுவையாகவே இருக்கும். ஆனால் நூலை மூடிவைத்தபின் அந்த நாட்டு மனிதர் ஒருவரின் முகமாவது நம் மனத்தில் நிற்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் நிற்பதில்லை. சமையற்காரர் வருவார், குதிரைக்காரர் வருவார், காட்டில் வழிகாட்டியவர் வருவார். எல்லாரும் காட்சியின் ஓரத்தில் சற்றே நின்று மறைந்துபோவார்கள்.

இவ்வகை நூல்களுள் மிக நேர்மையானது என்று நாம் கருதுவது லெனார்டு உல்ஃப் எழுதி 1961-இல் வெளிவந்த 'குரோயிங்' என்னும் தன்வரலாற்று நூல். 'வளர்தல்' என்று தமிழில் சொல்லலாம். நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃபின் கணவர் என்றே பலர் இவரை அறிவர். அதற்கு முன்பு, 1904-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1911 வரை, இவர் இலங்கையில் ஆங்கில ஆட்சிப் பணியில் இருந்தார். முதல் இரண்டரை ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில், தமிழரிடையே.

அறுபது ஆண்டுகளுக்கு முந்திய நூலை இப்போது எடுத்துப் பேசுவதற்கு, நாம் வாழும் இடமே காரணம். ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், 1996-இல் தொடங்கப்பெற்ற ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2007-இல் சாம்சங் வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் ஜெர்மானியரின் டைம்லர். கொரியரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் குடும்பத்தோடு வந்து, மூன்றாண்டு நான்காண்டு தங்கி, திரும்பிச் செல்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் கொரிய எழுத்து நிற்பதை நம் சிறுவர்கள் இன்று வியப்பாகப் பார்ப்பதில்லை. இவர்கள் இங்கே எப்படி வாழ்கிறார்கள், எங்கே உலாவுகிறார்கள், யாரோடு பேசிச் சிரிக்கிறார்கள்? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும் நாம் படித்த தமிழ்க் கதைகளில் இதற்கு விடை இல்லை. உல்ஃபின் நூலில் விடைக்கு ஒரு வழி தென்படுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு உல்ஃப் கொண்டுசென்றவை இரண்டு: ஒரு நாய், வால்டேரின் தொண்ணூறு தொகுதிகள். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் எவ்வகை மனிதர் என்பதை இந்த மூட்டையே சொல்லிவிடுகிறது. கோட்டை மதிலின் மேலிருந்த வீட்டில் குடியிருப்பு. பகலில் கச்சேரி அலுவல். மாலையில் டென்னிஸ், ஆட்டம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு விஸ்கியும் சோடாவும். ஊரில் இருந்த வெள்ளையர் ஏறத்தாழ பன்னிருவர். அந்தப் பன்னிருவரே மீண்டும் மீண்டும் சந்தித்து, அதே செய்திகளைப் பேசி, ஒருவர்மேல் ஒருவர் சலிப்புற்று, மறுநாள் மீண்டும் அங்கேயே கூடினார்கள். இந்தப் பகுதிகளை உல்ஃப் மிகுந்த நகைச்சுவையோடு எழுதுகிறார். தம் இனத்தாரைக் கேலி செய்யும் துணிவு அவருக்கு நிறையவே உண்டு.

நூலின் உயிரான இடம் வேறொன்று. உல்ஃப் தம் மேலதிகாரியோடு குதிரைமீது யாழ்ப்பாணத்தின் பெருந்தெருவில் சென்றார். சில நாட்களில், அவர் தம் முகத்தில் சவுக்கால் அடித்ததாகத் தமிழ் வழக்கறிஞர் ஒருவர் முறையிட்டார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அதை ஆளுநர் வரை கொண்டுசென்றது. தாம் யாரையும் அடிக்கவில்லை, தெருவை ஆக்கிரமித்த திண்ணையைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதே நடந்தது என்கிறார் உல்ஃப். பொய்க் குற்றச்சாட்டு என்று கூறி அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர்களுடைய ஊரின் தெருவில் தாம் குதிரைமேல் அமர்ந்து சென்ற தோரணையே அவர்கள் முகத்தில் விழுந்த அடி என்பது காலப்போக்கில் தமக்கு விளங்கியதாக எழுதுகிறார். வழக்கில் தாம் குற்றமற்றவர், வாழ்க்கையில் அப்படியல்லர் என்னும் இந்த உணர்வு, எண்பது வயதில் தம் இளமையைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பழைய ஆட்சியாளரிடமிருந்து வருவது அரிது.

ஆயினும் நாம் இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை தெளிவு பெற்றவருக்கும் யாழ்ப்பாணத் தமிழர் கடைசிவரை ஒரு கூட்டமாகவே இருந்துவிட்டனர். தேர்வுக்காகத் தமிழ் படித்தார், தேறினார். அந்தத் தமிழைக் கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசியதாக அவர் நூலில் ஒரு காட்சியும் நம் நினைவில் தங்கவில்லை. 1906-இல் மன்னார்ப் பகுதியில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாகவும் வியப்போடும் எழுதுகிறார். அதில் அரபியர் நிமிர்ந்து நிற்கிறார்கள். தமிழர் கலைந்த நிழல்களாய்த் தெரிகிறார்கள். அக்காலத்து இலங்கை முத்துக்குளிப்புக்கு நம் தூத்துக்குடி, கீழக்கரைக் கடலோரத்திலிருந்து மக்கள் சென்றனர் என்பதை நினைக்கும்போது இந்தப் பக்கங்கள் நம்மைச் சற்று வருத்தவே செய்கின்றன. 1921-இல் வெளியிட்ட கதைகளுள் 'இரண்டு பிராமணர்' என்ற ஒன்று யாழ்ப்பாணத்தில் நிகழ்வது. கடலேரிக் கரையில் அமர்ந்து வலைவீசுவோரைப் பார்த்து ஆசைப்பட்டு, மறைவாக மீன்பிடிக்கக் கற்றுக்கொள்ளும் ஓர் அந்தணரின் கதை. சாதியின் மடமையைக் கூர்மையாக எள்ளுகிறது. சிரிக்கிறோம். அந்த மனிதருக்காக ஒரு கணமும் நெஞ்சு நெகிழவில்லை. ஆசிரியர் அப்போதும் குதிரையை விட்டு இறங்கவில்லை.

பின்னர் அவர் அம்பாந்தோட்டைக்குச் சென்றபோது நிலைமை மாறியது. 1908 முதல் 1911 வரை அம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபர். டென்னிஸ் வட்டம் இல்லை. பேசிப் பொழுதுபோக்க வெள்ளையர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் எங்கல்பிரெக்ட், யாலக் காட்டின் காவலர். போயர் போரில் சிறைப்பட்டு வந்து, ஆங்கில மன்னருக்கு விசுவாச உறுதி கூற மறுத்ததால் தாயகம் திரும்ப இயலாது போனவர். (இவரைப் பற்றியே ஒரு நாவல் எழுதலாம்.) தனிமை உல்ஃபைக் காட்டுக்குள் தள்ளியது. உப்பளங்களிலும் வறண்ட குளங்களிலும் குக்கிராமங்களிலும் நாள்கணக்காகச் சுற்றினார். உணவுக்காக வேட்டையாடினார், கொல்வதற்காகவே கொல்லும் வேட்டை அவருக்குக் கசந்தது. பேச்சுத் துணைக்கு எஞ்சியவர் சிங்களக் குடியானவரும் வேட்டைக்காரரும்தாம். அந்த ஆண்டுகளின் விளைவாக 1913-இல் 'காட்டிலுள்ள கிராமம்' என்று பொருள்படும் நாவல் வெளிவந்தது. சிலிந்து என்னும் வேட்டைக்காரரும் அவருடைய இரு மகள்களும் அதன் மாந்தர்கள். பசியையும் அச்சத்தையும் கடனையும் அவர்களுடைய கண்ணாலேயே காண்கிறோம். வெள்ளையர் அக்கதையில் வழக்குமன்றத்தோடு சரி. எழுதியவர் அதே மனிதர்தாம். பன்னிருவர் வட்டம் இருந்த ஊரில் எள்ளல் பிறந்தது. அது இல்லாத ஊரில் இலக்கியம் பிறந்தது.

இதை மனத்தில் கொண்டு நம் சாலையைப் பார்ப்போம். இங்கு வருகிறவர்கள் ஆள வந்தவர்கள் அல்லர். நம் மாநிலம் அழைத்து வந்தவர்கள். உல்ஃபின் குற்ற உணர்வை அவர்கள்மேல் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் வட்டம் இருக்கிறது. முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. பலர் சென்னை அடுக்ககங்களில் குடியிருந்து காரிலேயே வந்து போகிறார்கள். தங்கள் உணவு, தங்கள் தொலைக்காட்சி, தங்கள் பிள்ளைகளுக்கேற்ற பள்ளி, ஞாயிறு காலையில் கோல்ஃப். வால்டேரைச் சுமந்து வரவேண்டிய தேவைகூட இல்லை. கைப்பேசியில் தாயகம் முழுவதும் வந்துவிடுகிறது. வளைகுடா நாடுகளில் நிறுவன முகாம்களில் வாழும் நம் பிள்ளைகளின் நிலையும், வசதி ஒன்று நீங்கலாக, இதுவேதான். பத்தாண்டுகள் அங்கிருந்து திரும்பியவரிடம் அந்நாட்டு நண்பர் ஒருவரின் பெயரைக் கேட்டால் தயங்குகிறார்.

வட்டத்துக்கு வெளியே வந்தவர்களும் உண்டு. கொக்குவிலில் பிறந்து, பணியின் பொருட்டு ஆப்பிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தானிலும் வாழ்ந்த அ. முத்துலிங்கத்தின் கதைகளில் அந்நாடுகளின் எளிய மனிதர்கள் பெயரும் பிடிவாதமும் உடையவர்களாய் நடமாடுகிறார்கள். உல்ஃபுக்கு யாழ்ப்பாணத்தில் கைகூடாத ஒன்று ஒரு யாழ்ப்பாணத் தமிழருக்கு அயலகத்தில் கைகூடியிருக்கிறது.

வந்தவரை மட்டும் குறைகூறி நிற்க நமக்கு மனமில்லை. 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சாம்சங் தொழிலாளர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பேச்சு அதுவாகவே இருந்தது. தொழிலாளிக்கு ஊரும் குடும்பமும் வீட்டுக் கடனும் இருப்பதை எல்லாரும் அறிவார்கள். எதிர்ப்பக்கத்தில் 'நிர்வாகம்' என்ற ஒரே சொல். அச்சொல்லுக்குள் தாயை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த யாரேனும் இருக்கக்கூடும் என்பதை எந்தத் தமிழ் எழுத்தாளரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொழிலாளியின் பக்கம் நிற்பதற்கு அந்த எண்ணம் தடையாகாது. அவர்களை உண்மையில் அறிந்தவர்கள் காரோட்டிகளும் சமையற்பெண்களுமே. நம் பங்கிலும் அத்தகைய சிலர் இருக்கிறார்கள். ஐயாவுக்குக் கோபம் வந்தால் எந்தச் சாலையில் ஓட்டச் சொல்வார், அம்மா எந்த மாதத்தில் ஊர் நினைவால் அழுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பேனா அவர்கள் கையில் இல்லை.

உல்ஃபைப் பற்றி இன்னும் ஒன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1960-இல், அவர் விடுதலை பெற்ற இலங்கைக்கு விருந்தினராகச் சென்றார். எங்கும் மலர்ந்த வரவேற்பு. அந்த நாட்களில் வயது முதிர்ந்த முன்னாள் ஊர்த் தலைவர் ஒருவர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே தேடி வந்தார். மாட்டுக் கொள்ளைநோய் பரவிய காலத்தில் இளம் அதிகாரியாக இருந்த உல்ஃப் தமக்கு விதித்த தண்டனையை நினைவூட்டி, அது நியாயந்தானா என்று கேட்டார். தம் இறுதித் தன்வரலாற்றுத் தொகுதியில், 1969-இல், உல்ஃப் அந்த முதியவருக்கு இடம் கொடுத்து எழுதியிருக்கிறார்.