விருந்தினனின் கடற்கரை

இளமையில் கண்ட ஊரை முதுமையில் பாடுவது கவிஞர்க்கு எளிது. உண்மையாகப் பாடுவதே அரிது. இனித்ததைப் போற்றி வைத்துக்கொண்டு, கசந்ததைக் களைந்துவிடும் இயல்புடையது நெஞ்சம். ஆங்கிலக் கவிஞர் ஜான் பெட்ஜமன் 1960இல் வெளியிட்ட ‘சம்மன்ட் பை பெல்ஸ்’ என்னும் செய்யுள் வடிவத் தன்வரலாற்றை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

1906இல் லண்டனில் பிறந்த பெட்ஜமன், சிறுவயதில் கோடை விடுமுறைக்குப் பெற்றோருடன் சென்று தங்கிய சிற்றூர் ட்ரெபெதெரிக். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில், கேமல் ஆறு அட்லாண்டிக் கடலோடு கலக்கும் கழிமுகத்தின் கரையில் உள்ளது அவ்வூர். லண்டனிலிருந்து நெடிய புகைவண்டிப் பயணம். வேட்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கிக் குதிரை வண்டியில் எஞ்சிய வழி. பின்னர்க் கடலை நோக்கி ஒரே ஓட்டம்! இப்பகுதியைப் படிக்கையில், அவ்வூரைக் கண்டிராத நம் முகத்திலும் உப்புக் காற்று வந்து படுகிறது. ‘மகிழ்ந்தேன்’ என்று சொல்லாமல், மணலையும் பாறையையும் பாசியையும் சொல்லியே மகிழ்ச்சியை உணர்த்திவிடுகிறார்.

ஆயினும், இந்நூலை உயர்த்துவது அந்த இனிமை மட்டும் அன்று. மேசை, பேழை முதலிய அழகுப் பொருள்கள் செய்யும் குடும்பத் தொழிலை மகன் ஏற்றுநடத்த வேண்டுமென விரும்பினார், செவித்திறன் குன்றிய தந்தை. மகனோ கவிதையை நாடினான். அந்தப் பிணக்கு கடற்கரைக்கும் உடன் வந்தது. வீட்டின் இறுக்கத்திலிருந்து விலகி, மிதிவண்டியேறிப் பழைய தேவாலயங்களைத் தேடித் திரிந்ததையும், செயின்ட் எர்வன் என்னும் ஊரின் பாதிரியார் தமக்கு ஒரு நூலைக் கொடுத்ததையும் கவிஞர் எழுதுகிறார். தந்தையை ஏமாற்றிய குற்ற உணர்வை அவர் மறைக்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைத் தாமே வரைந்து வைக்கும் பெற்றோரும், அவ்வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் பின்னர் வருந்தும் பிள்ளைகளும் எந்த நாட்டில்தான் இல்லை? அந்த வருத்தமே இந்நூலின் உயிர்.

குறை ஒன்றும் உண்டு. இக்கடற்கரை விருந்தினன் கண்ட கடற்கரை. உள்ளூர் மக்கள் இதில் பெரிதும் ஓரத்து உருவங்களாகவே வந்து போகின்றனர். கோடை கழிந்து விருந்தினர் திரும்பியபின் அவர்கள் எப்படி வாழ்ந்தனர் என்னும் வினா கவிஞரின் உள்ளத்தை உறுத்தியதாகத் தெரியவில்லை. மோட்டார் வாகனத்தில் ஊர் சுற்றுவோர்க்கான ஷெல் வழிகாட்டி வரிசையில், 1934இல் கார்ன்வால் பற்றிய நூலை எழுதியவரும் அவரே. தாம் நேசித்த தனிமைக்குத் தாமே வழிகாட்டிப் பலகை நட்டார் எனலாம். பயணிகள் சென்று இறங்கிய வேட்பிரிட்ஜ் நிலையம் 1967இல் மூடப்பட்டது, கார்கள் பெருகின. கோடையில் மட்டும் விளக்கெரியும் வீடுகள் கார்ன்வாலெங்கும் மிகுந்தன. உள்ளூர் இளைஞர்க்கு வீடு எட்டாக்கனியாயிற்று. 2016இல் செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள், புதிய வீடுகள் நிலையாகக் குடியிருப்போர்க்கே என்று வாக்களித்தமை இதன் விளைவேயாகும்.

எனினும், பெட்ஜமனின் ஏக்கம் வெறும் பெருமூச்சாக முடிந்துவிடவில்லை. பழைய கட்டடங்களைக் காக்க 1958இல் தோன்றிய விக்டோரியன் சொசைட்டியை நிறுவியோருள் அவரும் ஒருவர். இடிபடவிருந்த லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் தப்பியதில் அவர் குரலுக்கும் பங்குண்டு. கற்களுக்காகப் பேசிய அக்குரல், கரையோரக் குடிகளுக்காகவும் இதே அளவு ஒலித்திருக்கலாகாதா?

1972இல் அரசவைக் கவிஞரான அவர், 1984ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அதே ட்ரெபெதெரிக்கில் காலமானார். முன்னொரு காலத்தில் மணலில் புதையுண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீட்கப்பட்ட செயின்ட் எனடாக் தேவாலயத்தின் முற்றத்தில் அவர் துயில்கிறார். விருந்தினனாய் வந்த சிறுவன் அவ்வூர் மண்ணோடு மண்ணானான். அவன் நினைவுகளை நாம் விரும்பிப் படிப்போம். அவற்றில் இடம்பெறாதவர்களையும் நினைத்துக்கொண்டே படிப்போம்.