கழைக்கூத்தாடியின் சரித்திரம்

மூன்று தலைமுறைக் கதை, ஐந்து தலைமுறைக் கதை என்று எழுதுவதில் நம் நாவலாசிரியர்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு. பண்ணையார் குடும்பம், வக்கீல் குடும்பம், சங்கீத வித்வான் குடும்பம் என்று எத்தனையோ எழுதியாயிற்று. வீடு என்று ஒன்று இருந்தால் பரம்பரையை எழுதுவது சுலபம். பெட்டியில் பத்திரமும் ஜாதகக் கட்டும் இருக்கும். கூடத்துச் சுவரில் தாத்தா படமாகத் தொங்குவார். வீடே இல்லாத ஒரு குடும்பத்தின் பரம்பரையை எழுதுவது எப்படி? இந்தக் கேள்வி எனக்குக் கம்பைநல்லூரில் எழுந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகத் தருமபுரி மாவட்டத்திலுள்ள அந்த ஊருக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, பஸ்ஸுக்காகக் கடைவீதியில் நின்றுகொண்டிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. மூங்கில்களை இரண்டிரண்டாகக் குறுக்கே சேர்த்துக் கட்டி நிறுத்தி, நடுவில் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையில் நீண்ட கோலுடன் கயிற்றின்மேல் நின்றாள். தகப்பனாராக இருக்க வேண்டும், ஒருவர் கயிற்றுக்குக் கீழே அவளோடு கூடவே நடந்துகொண்டிருந்தார். ஒரு கிழவி தரையில் உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் போல நானும் முதலில் மேலேதான் பார்த்தேன். அந்தப் பெண் தலையில் மூன்று செம்புகளை அடுக்கிக்கொண்டு போனாள், வந்தாள். பிறகு ஒரு தாம்பாளத்தைக் கயிற்றின்மேல் வைத்து, அதில் முழங்காலை ஊன்றி நகர்ந்தாள். கூட்டம் கை தட்டியது. அப்புறம்தான் கிழவியைக் கவனித்தேன். அவள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. கண் பேத்தியின் பாதத்திலேயே இருந்தது. கயிறு ஆடும்போது மேளம் ஒற்றை அடியாக விழுந்தது. பாதம் அழுந்தி நின்றதும் அடிகள் நெருங்கின. கூட்டம் சேர்க்கத்தான் மேளம் என்று அதுவரையில் நினைத்திருந்தேன். அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் அடி எடுத்து வைத்தாள் என்பது அப்போது புரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் கிழவியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நீங்களும் கயிற்றில் நடந்தவர்தானா, அம்மா?"

"நடந்தேன், சாமி. எங்க அம்மா நடந்தாங்க. அவங்களைப் பெத்த அவ்வாவும் நடந்தாங்களாம்."

"அந்த அவ்வாவின் பேர் என்ன?"

"அவ்வாதான், சாமி. எங்களுக்கு வேற பேரு தெரியாது."

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவ்வா என்றால் பாட்டி. நான் விடவில்லை. நாவலாசிரியனுடைய கெட்ட புத்தி, "யாராவது விழுந்தது உண்டா?" என்று கேட்டேன்.

கிழவி சிரித்தாள். "விழுந்த கதையைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. மூங்கில் எப்படி நடறதுன்னு ஒருத்தரும் கேக்கலையே!"

பிறகு அவளாகவே சொன்னாள். ஊருக்குள் வந்ததும் முதல் வேலை மண்ணை மிதித்துப் பார்ப்பது. ஈர மண்ணில் முளை இளகும். கயிறு நனைந்தால் முறுக்கேறும், காய்ந்தால் தளரும். காலையில் கட்டிய கட்டு மத்தியானத்துக்கு ஆகாது. கட்டை அவிழ்க்கவும் முடியவும் வீட்டு ஆளைத் தவிர வேறு யாரையும் விடுவதில்லை. இவ்வளவும் அவளுக்கு அம்மா சொன்னது. அம்மாவுக்கு அந்தப் பேரில்லாத அவ்வா சொன்னது.

இதைக் கேட்ட பிறகு, நம் இலக்கியம் கழைக்கூத்தாடியை எப்படிப் பார்த்திருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். கிடைத்த விடை எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டு பெரும்பதுமனார் பாடியது. ஊரை விட்டுப் போகும் ஒரு காதலன் காதலியை மூங்கில் அடர்ந்த சுரத்தின் வழியில் கண்டவர்கள், இவர்கள் யாரோ என்று இரங்குகிறார்கள். அங்கே வாகை மரத்தின் நெற்றுக்கள் காற்றில் கலகலக்கின்றன. அந்த ஒலி, கயிற்றின்மேல் ஆடும் ஆரியரின் பறையைப் போல இருக்கிறதாம். அருமையான உவமை. வறண்ட நெற்றின் ஓசையையும் பறையின் ஓசையையும் சேர்த்துக் கேட்ட காது சாதாரணக் காது அல்ல. ஆனால் பாட்டில் நமக்குக் கிடைப்பது பறையின் ஓசை மட்டும்தான். ஆடுகிறவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்ற அந்தக் கேள்வி காதலர்களுக்குப் போய்விட்டது.

நற்றிணையின் 95ஆம் பாட்டு இன்னும் விசித்திரமானது. ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிறு அங்கே இருக்கிறது. அதில் இப்போது தொங்கி ஆடுவது ஒரு குரங்குக் குட்டி. குறவர் வீட்டுப் பிள்ளைகள் பாறையின்மேல் ஏறிக்கொண்டு அதற்குத் தாளம் கொட்டுகிறார்கள். சிரித்து ரசிக்க வேண்டிய காட்சி, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஆடுமகள் எங்கே? அவள் நடந்தாள் என்பதோடு சரி. ஒரு பாட்டில் பறை இருக்கிறது, இன்னொன்றில் கயிறு இருக்கிறது. இரண்டிலும் ஆள் இல்லை.

இது புலவர்களின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. உவமைக்கு வந்தவனிடம் ஊரும் பேரும் கேட்பது வழக்கம் இல்லை. ஆனால் அதே வழக்கத்தை நாம் இரண்டாயிரம் வருஷம் மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் குறை. "ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு" என்று பழமொழி செய்தோம். நானே என் நாவல் ஒன்றில், கடன்பட்ட குமாஸ்தா ஒருவன் மாதக் கடைசிப் பத்து நாளைக் கயிற்றின்மேல் நடப்பவன் போலக் கடந்தான் என்று எழுதியிருக்கிறேன். எழுதியபோது கயிற்றின் இன்னொரு முனை எதில் கட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இலக்கியம் விட்டதை வேறு யாராவது எழுதினார்களா? எழுதினார்கள். எட்கர் தர்ஸ்டன், ரங்காசாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் தொம்மரர் பற்றியும் எழுதியிருக்கிறார். அது குலத்தைப் பற்றிய குறிப்பு. குடும்பத்தின் கதை அல்ல. அதற்கு முன்பே, 1871இல், அலைந்து பிழைக்கும் ஜனங்களைக் குலம் குலமாகக் குற்றவாளிகள் என்று எழுதி வைக்க ஒரு சட்டம் வந்திருந்தது. 1911இல் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. கைரேகை வாங்கவும் இடம் கொடுத்தது. சுதந்திர இந்தியா அதை 1952 ஆகஸ்ட் 31இல் ஒழித்தது. தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் பெயரும் இருக்கிறது. கவிஞன் கேட்காத பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது போலீஸ்காரனுடைய பதிவேடுதான் என்று நினைக்கும்போது, பேனா பிடித்தவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

மேல்நாட்டில் நிலைமை வேறு. வாலெண்டா குடும்பத்தின் சரித்திரத்தைத் தேதி வாரியாகச் சொல்லலாம். கார்ல் வாலெண்டா 1905இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1962 ஜனவரி 30இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஏழு பேர் கம்பியின்மேல் கோபுரமாக நின்ற வித்தை சரிந்து இருவர் இறந்தார்கள். 1978இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், 73ஆம் வயதில், கார்லே விழுந்து இறந்தார். அவர் முடிக்காத அந்த நடையை 2011இல் அவருடைய பேத்தி டெலைலாவும் அவள் மகன் நிக்கும் நடந்து முடித்தார்கள். மறுவருஷம் நிக் நயாகரா நீர்வீழ்ச்சியைக் கம்பியின்மேல் கடந்தார். படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. விழுந்த நாள்களே சரித்திரத்தின் மைல்கற்களாக நிற்கின்றன. விழாமல் நடந்த ஆயிரம் நாள்களில் கம்பியைக் கட்டியவன் யார் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டும். கம்பைநல்லூர்க் கிழவி சொன்ன குறை டெட்ராய்ட்டுக்கும் பொருந்துகிறது.

நவீன இலக்கியமும் இதற்கு விலக்கு அல்ல. காப்கா 1922இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், ஊஞ்சல் வித்தைக்காரன் ஒருவன் ஊஞ்சலை விட்டு இறங்குவதே இல்லை. இரவும் பகலும் மேலேயே வாழ்கிறான். கலைஞனின் தனிமைக்கு அது அற்புதமான உருவகம். இருந்தாலும் நம் தெருக் கூத்தாடிக்கு அந்தச் சட்டை பொருந்தாது. அவள் ஒரு கணம்கூடத் தனியாக இல்லை. முளை அடித்தவர் தகப்பன், தாளம் கொடுப்பவள் பாட்டி, தட்டு ஏந்துகிறவன் தம்பி. குடும்பம் என்பது இந்தக் கலையின் பின்னணி என்று எழுதுகிறோம். என் அபிப்பிராயத்தில் குடும்பமே இதன் உருவம். கயிற்றின்மேல் இருப்பவளை மட்டும் பார்த்துவிட்டு விமரிசனம் எழுதுவது, மிருதங்கத்தையும் தம்பூராவையும் நிறுத்திவிட்டுக் கச்சேரி கேட்டதற்குச் சமானம்.

இந்த உருவம் மாறாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைச்சேரிக்கு அருகில் சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி வைத்தபோது, பாட்டியின் இடத்துக்கு வாத்தியார் வந்துவிட்டார். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. தெருவில் ஆடும் குழந்தைக்கும் கயிற்றைவிடப் பள்ளிக்கூடம் மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து வயதில் ஏறினால்தான் இந்த வித்தை வரும் என்றால், அது வராமலே போகட்டும். பரம்பரைக் கலை அழிகிறதே என்று சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு கண்ணீர் விடுகிறவர்கள், தங்கள் பேத்தியை ஒரு நாளைக்கு அந்த மூங்கிலில் ஏற்றிவிட்டு அழட்டும்.

கலை போகலாம். ஆனால் அதை இத்தனை காலம் சுமந்தவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டும். சாகசக் கணக்கோ பரிதாபக் கணக்கோ அல்ல. எந்த மண்ணில் முளை எப்படி அடித்தார்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கணக்கு. அதை எழுதக்கூடிய நாவலாசிரியன் முதலில் கயிற்றிலிருந்து கண்ணை இறக்கி, தரையில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குப் பஸ் வந்துவிட்டது. அவசரமாக ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கிழவி சொன்னதையெல்லாம் மறக்குமுன் குறித்து வைத்துக்கொண்டேன். மண், முளை, கயிறு, மேளம் எல்லாம் எழுதியாயிற்று. மேலே பெயரை எழுதலாம் என்று பார்த்தேன். அவ்வாவின் பெயரைக் கேட்டவன், எதிரே உட்கார்ந்திருந்த அந்தக் கிழவியின் பெயரைக் கேட்கவே இல்லை.