கேட்கும் திரையும் கேளாத வினாவும்

கலையைப் பற்றிய ஆவணப்படங்களில் நாம் பெரும்பாலும் கேட்பது, கலைஞரைப் பற்றி நமக்குக் கற்பிக்க வந்த ஒருவரின் குரலையே. 1969இல் பிரித்தானியாவின் பி.பி.சி. ஒளிபரப்பிய 'சிவிலிசேஷன்' என்னும் 13 பகுதித் தொடரில், கலை வரலாற்றறிஞர் கென்னத் கிளார்க் பேராலயங்களின் முன்னும் ஓவியங்களின் முன்னும் நின்று மேலைக் கலையின் வரலாற்றை எடுத்துரைத்தார். 1972இல் அதே நிறுவனம் அளித்த 'வேஸ் ஆஃப் சீயிங்' என்னும் நான்கு பகுதித் தொடரில், ஜான் பெர்ஜர் அந்தப் பார்வையை மறுத்தார். ஓவியத்தின் பின்னே நிற்கும் உடைமையையும் அதிகாரத்தையும் சுட்டிக்காட்டினார். கருத்தால் இருவரும் இரு துருவங்கள். எனினும் இரு தொடர்களிலும் நம்மைக் கைப்பிடித்து நடத்திச் சென்றது விமரிசகரின் குரலே. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓவியர்களில் பெரும்பாலோர் என்றோ மறைந்துவிட்டவர்கள். அவர்கள் பேச வழியில்லை.

உயிரோடிருக்கும் கலைஞரைப் பேசவிட்டு, படமெடுப்பவர் ஒதுங்கி நின்றால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது 'ஆர்ட் 21' என்னும் அமெரிக்கத் தொடர். சூசன் சாலின்ஸ் 1997இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இதனை உருவாக்கியது. 2001 செப்டம்பரில் பி.பி.எஸ். என்னும் பொதுத் தொலைக்காட்சியில் இதன் முதல் வரிசை ஒளிபரப்பாயிற்று. இடம், ஆன்மிகம், அடையாளம், நுகர்வு என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம். தொடக்கத்தில் புகழ்பெற்ற ஒருவர் தோன்றும் சிறு முன்னுரை உண்டு. அது முடிந்தபின் விளக்குவோர் எவருமில்லை. கேள்வி கேட்பவரின் முகமும் தெரிவதில்லை. கலைஞர் தம் பணிக்கூடத்தில் வேலை செய்கிறார், வேலையினூடே பேசுகிறார். அவ்வளவே.

இந்த எளிமையின் பயனை 'ஆன்மிகம்' என்னும் பகுதியில் நன்கு காணலாம். அதில் வரும் ஜேம்ஸ் டரல் ஒளியையே தம் கலைப்பொருளாகக் கொண்டவர். அரிசோனாப் பாலைவெளியில் அணைந்துபோன எரிமலை ஒன்றை 1977இல் வாங்கி, வானத்தைக் காண்பதற்குரிய அறைகளை அதனுள் அமைத்து வருபவர். குவேக்கர் குடும்பத்தில் பிறந்த அவர், ஹூஸ்டன் நகரில் அச்சபையாரின் வழிபாட்டு இல்லத்தை வடிவமைத்ததில் பங்கேற்றார். அதன் கூரையில் சதுரமான திறப்பு ஒன்று உண்டு. கீழே அமர்வோருக்கு வானம் ஓர் ஓவியத் திரையைப்போல அருகில் இறங்கி வந்து நிற்கும். அங்கே பீடமில்லை, மறையுரையில்லை. எவரேனும் உள்ளத்தில் ஏவப்பெற்று எழும்வரை அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பர். வருணனைக் குரல் ஒன்று இக்காட்சியின்மேல் ஏறி அமர்ந்திருந்தால் அந்த மௌனம் சிதைந்திருக்கும். மௌனத்தைக் காட்ட வந்த படம் தானும் மௌனமாக இருக்கத் தெரிந்துகொண்டது. இதனையே இத்தொடரின் முதற்சிறப்பாக நாம் கருதுகிறோம்.

அதே பகுதியில் ஷாசியா சிக்கந்தர் வருகிறார். 1969இல் லாகூரில் பிறந்தவர். அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் நுண்ணோவிய மரபைப் பயின்றவர். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பொருளாக அக்கலையைப் பலர் தள்ளிவிட்ட காலத்தில், இவர் அதனை விரும்பி ஏற்றார். தாளைப் பதப்படுத்தி, மெருகேற்றி, மயிரிழையளவு கோடுகளால் நிரப்பும் அப்பணி விரைவை அறியாதது. மரபுக்குக் கட்டுப்பட்ட கைதான் மரபை மீறும் உரிமையையும் பெறுகிறது என்னும் உண்மையை அவர் பணி நமக்கு உணர்த்துகிறது. கலைப்படைப்பு என்பது திடீரென வந்திறங்கும் அருள் என்று எண்ணிப் பழகிய நமக்கு, அது நாள்தோறும் செய்யும் தவம் என்பதை இக்காட்சிகள் நினைவூட்டுகின்றன.

'இடம்' என்னும் பகுதியில் வரும் மார்கரெட் கில்காலனையும் இங்கே குறிப்பிடாதிருக்க இயலாது. கடைப்பலகை எழுதுவோரின் கைத்திறனைப் போற்றிய இவ்வோவியர், பெரிய சுவர்களில் கையாலேயே கோடிழுக்கிறார். தொலைவில் நேராகத் தோன்றும் கோடு அருகே சென்றால் சற்று நடுங்குவது தெரியும். அந்த நடுக்கத்திலேயே அழகு உள்ளது என்பது அவர் நம்பிக்கை. தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்னரே, 2001 ஜூனில், தம் 33ஆம் வயதில் அவர் மறைந்தார். பார்வையாளர் அவரைத் திரையில் கண்டபோது அந்தக் கை ஓய்ந்திருந்தது. ஆவணப்படம் செய்யக்கூடிய பெரும்பணி இது. முடிந்த ஓவியத்தை அருங்காட்சியகம் காக்கும். அதனை வரைந்த கையின் அசைவைக் காப்பது படச்சுருளே.

இவ்வளவு பாராட்டியபின், இத்தொடரின் குறையையும் நாம் மறைக்கலாகாது. ஒதுங்கி நிற்பது பணிவு. எதையுமே வினவாதிருப்பது பணிவாகிவிடாது. 'ஆன்மிகம்' பகுதியிலேயே ஜான் ஃபியோடரோவ் என்னும் கலைஞரும் இடம்பெறுகிறார். அவர் தாய் நவஹோ பழங்குடியைச் சேர்ந்தவர். பழங்குடியினரின் ஆன்மிகம் கடைச்சரக்காக விற்கப்படுவதை எள்ளி நகையாட, கரடிப் பொம்மைகளுக்குக் குலச்சின்ன முகமூடி அணிவித்தவர் இவர். ஒரு மணிநேரத்துக்குள் ஒருவர் ஒளியின் புனிதத்தைப் பேசுகிறார். இன்னொருவர் புனிதம் விலைபோவதை நகைக்கிறார். இவ்விருவரும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசியிருந்தால் எத்தகைய உரையாடல் பிறந்திருக்கும்! தொடரோ அவர்களை அடுத்தடுத்த வீடுகளில் குடியமர்த்திவிட்டு, இடையிலுள்ள சுவரில் கதவு வைக்க மறந்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் இதுவே நிலை. ஒரு படைப்புக்கு யார் செலவு செய்தார், யார் வாங்கினார், எந்தக் கலைஞருக்குக் கதவு திறந்தது, எவருக்குத் திறக்கவில்லை என்னும் வினாக்கள் இத்தொடரில் பெரும்பாலும் எழுவதில்லை. ரிச்சர்ட் செர்ரா, புரூஸ் நாமன், லூயிஸ் பூர்ஷ்வா முதலிய பலர் அருங்காட்சியகங்கள் முன்பே ஏற்றுக்கொண்டவர்கள். 'அடையாளம்' பகுதியில் வரும் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், அருங்காட்சியகச் சுவர்களில் கறுப்பின மாந்தர் காணப்படாமையை எதிர்த்தே தம் ஓவியங்களைப் படைத்தவர். அக்கேள்வியை அவர் கேட்கிறார். தொடர் அதனைப் பதிவு செய்கிறது. ஆயின் தன் தேர்வை நோக்கித் தானே அதனைக் கேட்டுக்கொள்வதில்லை. பெர்ஜரோ தம் முதற்பகுதியின் முடிவிலேயே, தாம் காட்டும் முறையையும் ஐயுறுமாறு பார்வையாளரை எச்சரித்தார். அந்த நேர்மை இங்கே குறைவு.

ஆயினும் இத்தகைய தொடர் தோன்றுவதற்கே ஓர் இடம் வேண்டும். விளம்பரதாரரின் அவசரத்துக்கு இடங்கொடாமல், ஒருவர் கோடிழுப்பதைப் பல நிமிடங்கள் காட்டும் திரை வணிகத் தொலைக்காட்சியில் அரிது. அமெரிக்காவில் 1967இல் இயற்றப்பட்ட பொது ஒளிபரப்புச் சட்டம் அத்தகைய இடத்துக்கு வழிவகுத்தது. 2025 ஜூலையில் அந்நாட்டுப் பேராயம், பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது; அடுத்த மாதமே அக்கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. இத்தொடர் முழுமையாக அப்பணத்தால் வாழ்ந்ததன்று. அறக்கட்டளைகளும் கொடையாளரும் இதனைத் தாங்கினர். ஆனால் சிற்றூர்களின் உள்ளூர் நிலையங்கள் நலிந்தால், பணமும் பயணமும் இல்லாத ஒருவர் தற்செயலாக ஒரு கலைஞரைச் சந்திக்கும் வாய்ப்பு நலிந்துபோகும். தேடிச் செல்வோருக்கு இணையம் உண்டு, தேடத் தெரியாதவருக்கு?

குறையுள்ள நல்ல நண்பரைப்போல இத்தொடரை நாம் ஏற்கலாம். அது கேளாது விட்ட வினாக்களைப் பார்த்து முடித்தபின் நாமே கேட்கலாம்: இந்த ஒளி எவருக்கு? இந்தக் கை எவருக்காக உழைத்தது? கலைஞர் பேசும்வரை காத்திருக்கத் திரை கற்றுத்தந்தது. பேசியதை எடைபோட்டுப் பார்க்கும் கடமை, திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நம்முடையது.