அய்யனாரின் மண்குதிரை

மண்ணில் குயவர் கை எட்டிய உச்சம் அய்யனார் கோயில் குதிரை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர், மதகடிப்பட்டு வட்டாரங்களில் அய்யனார் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையிலோ தோப்பிலோ தேவியர் பூரணை, பொற்கலையோடு அமர்ந்திருப்பார். இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை. வீரனும் முனியும் அவருடைய பரிவாரம். மழை வேண்டியும் பிள்ளையின் நோய் தீரவும் நேர்ந்துகொண்டவர்கள் அவருக்குக் குதிரை செய்து வைக்கிறார்கள்.

களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். வெறும் களிமண்ணில் இவ்வளவு தடித்த சுவர் எழுப்பினால் காயும்போதே வெடித்துவிடும். கால்கள் நான்கும் உள்ளே கூடான உருளைகள். அவை இறுகிய பிறகே வயிறு ஏறும். அதன்மேல் கழுத்து, கடைசியில் தலை. ஈரம் மிஞ்சினால் கால் பாரம் தாங்காது, அதிகம் காய்ந்தால் மேல்மண் ஒட்டாது. அந்த நடுப்பதத்தை விரல் தொட்டுச் சொல்வதில்தான் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. சூளையில் சூடு உள்ளே புகுந்து வெளியேற உடலில் துளைகள் விடப்படும்.

உயிருள்ள குதிரையின் தசைநெளிவைத் தேடுபவருக்கு இது ஏமாற்றமே. கால்கள் தூண்கள், நடை, பாய்ச்சல் எதுவும் கிடையாது. வேகம் முழுவதும் தலைக்கு ஏறியிருக்கும்: விடைத்த காதுகள், பிதுங்கிய விழிகள், பல் தெரியத் திறந்த வாய். கழுத்து மணிகளும் சேணத்து வார்களும் தனித்தனியாக உருட்டி ஒட்டப்பட்டவை. அருகில் போனால் அவற்றை அழுத்திய விரலின் பள்ளம் தெரியும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காக அமைந்த உருவம் இது. பக்கவாட்டில் எடுத்த படத்தில் பாதி அழகு போய்விடும்.

கண் திறக்கும் சடங்கு வரை அது வெறும் மண். பல அய்யனார் கோயில்களில் குயவரே பூசாரியும் ஆவதால், உருவாக்கிய கையும் பூசை செய்யும் கையும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் குதிரை சாமி அல்ல, சாமியின் வாகனம். சாமி இறங்குவது சாமியாடியின் உடலில்.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களிடமும் இதற்கு நெருங்கிய ஏற்பாடு உண்டு. கச்சினா எனும் ஆவிகள் குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களிலிருந்து ஊருக்கு வந்து, மழையும் விளைச்சலும் தந்து, கோடையில் திரும்பும். முகமூடி தரித்து ஆடுபவர் அப்போது அந்த ஆவியே. காட்டன்வுட் எனும் மரத்தின் வேரில் செதுக்கும் கச்சினா பொம்மைகளைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அவற்றுக்குப் பூசை கிடையாது. அங்கேயும் சாமி வருவது மனித உடலில்தான், கைவினைப் பொருளில் அல்ல.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அதன் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வரவேற்பறைக்கான சிறு உருவங்கள் நன்றாகவே விற்கின்றன. நுணுக்கம் அவற்றில் குறையவில்லை, அண்ணாந்து பார்க்கும் உயரம்தான் இல்லை. கோயில்களில் சிமென்ட் குதிரைகள் பெருகுகின்றன. எனாமல் பூச்சு பளிச்சென்று இருந்தாலும் விரல்தடத்துக்கு அங்கே வேலையில்லை.

மதகடிப்பட்டின் குண்டாங்குழி மகாதேவர் கோயில் சோழர் காலக் கற்றளி. நிலைக்கவேண்டும் என்றே எழுப்பியது. மண்குதிரைக்கு அந்த நோக்கம் கிடையாது. காது உடைந்தாலும் கால் சரிந்தாலும் யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த நேர்த்திக்கு வரும் குதிரையை அதன் பக்கத்திலேயே நிறுத்துகிறார்கள். புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரத்தில் அப்படி வரிசையாக நிற்பவற்றில் உடைந்த வயிறுகளுக்குள் எட்டிப் பார்த்தால், சுவர் எழுப்பிய முறை அடுக்கடுக்காகத் தெரியும்.